உள்ளே ஆள் இருக்கு

"உள்ள ஆள் இருக்குது" என்றாள் நல்லம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? பேக்கிங் செக்‌ஷனில் முப்பது பெண்கள் இருக்கிறோம், முப்பது பேரும் மேசைகளைச் சுவரோரம் தள்ளி நடுவில் இடம் விட்டு நிற்கிறோம், என் இடது கைப்பக்கம் வெட்டிவேர் எண்ணெய் மணக்க சிந்தாமணி நிற்கிறாள், அவளைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், சூப்பர்வைசர் லோகநாதனைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், அந்த மெஷினைப் பார்த்தேகூடச் சொல்லியிருக்கலாம். என்னைத்தான் பார்த்தாள். தெரிந்திருக்குமோ. தெரிந்தால் சும்மா நிற்கிறவளா நல்லம்மா, கேட்டில் இருக்கிற வாட்ச்மேன்வரைக்கும் கேட்கும்படி கத்தியிருப்பாள். ஆகவே தெரியாது. இல்லை, தெரிந்துகொண்டே நேரம் பார்க்கிறாள். பதினொரு மணிக்கு டீக்கு மணி அடித்தும் யாரும் போகவில்லை. சின்னவர், அதாவது முதலாளியின் மகன், "எல்லாரும் இருங்க, பூஜை போட்டுட்டு மெஷின் டவல் மடிக்கிறதைக் காட்டுவாங்க" என்று சொல்லிவிட்டார். மெஷின் நடுவில் நிற்கிறது. ஆள் உயரம், சாம்பல் நிறம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் பெட்டிக் கடைக்கு வந்து நிற்கிறவன் போல. மற்றதையெல்லாம் பார்த்துவிட்டேன். கையை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து விரல் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

முதலில் நாயைத்தான் விட்டார்கள். நாய் என்றால் தலையில்லாத நாலு கால், மஞ்சள் பெயின்ட். கோயமுத்தூரிலிருந்து வேனில் வந்த கண்ணாடி போட்ட பெண் கையிலிருந்த, பெரிய போன் மாதிரியான பலகையைத் தடவினாள், அது எழுந்து முன்கால் இரண்டையும் நீட்டிச் சோம்பல் முறித்தது. சோம்பல் முறிக்க அதற்கு என்ன சோம்பல்? இதுதான் எனக்குப் பிடிக்காதது. தையல் மெஷின் சோம்பலா முறிக்கிறது? நம்மை மயக்குவதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்து இதை வைத்திருக்கிறார்கள். துணிப் பேல் கட்டுகள் மேல் தாவி ஏறியது, உச்சியில் நின்று இடுப்பை ஆட்டியது, இறங்கும்போது கால் வழுக்கித் தடுமாறிச் சமாளித்தது. அந்தத் தடுமாற்றத்துக்குத்தான் எல்லாரும் "ஐயோ பாவம்" என்றார்கள். அதுகூட வேண்டுமென்றே தடுமாறியிருக்கும். வசந்தி பயந்து மேசைமேல் ஏறிப் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள், ஏறின பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் ஒருத்தி "ச்சூ, ச்சூ, இங்க வா" என்று கூப்பிட்டாள். வாட்ச்மேன் ரங்கசாமி அண்ணன் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து அதன் முன்னால் வைத்தார், கேட்டில் இருக்கிற கறுப்பு நாய்க்குத் தினமும் வைக்கிற கைப்பழக்கம். அது பிஸ்கட்டை மிதித்து நொறுக்கிவிட்டுப் போனது. கறுப்பு நாய் வாசல்வரை வந்து பார்த்தது, வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு திரும்பிவிட்டது. இந்தக் கம்பெனியில் புத்தியுள்ளது அது ஒன்றுதான்.

ஒரு வருஷமாக இதே பேச்சுத்தான். மதியச் சாப்பாட்டின்போது யாராவது ஒருத்தி இந்த மாதிரி மெஷின் வீடியோ ஓடுகிற போனை நீட்டுவாள், பாருடி இது ஓடுது, பாருடி இது கரணம் போடுது, பாருடி பொத்துன்னு விழுந்திருச்சு. விழுந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் விழுவது குறைந்தது. அப்புறம் விழுவதே இல்லை. அப்போதுதான் நல்லம்மா முதல்முதலாகச் சொன்னாள், உள்ளே ஆள் இருக்கிறான், துணி போட்டு மூடி நம் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று. அது எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது. ஆள் இருந்தால் பரவாயில்லை, ஆளுக்குப் பசிக்கும், ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். பிறகு ஒருநாள் வேறு ஒரு செய்தி வந்தது, நம் ஊரிலேயே ஒரு மாடி வீட்டில் பெண்களின் நெற்றியில் கேமராவைக் கட்டி டவல் மடிக்க வைத்து, அதை எங்கேயோ அனுப்பி, அதைப் பார்த்துத்தான் மெஷின்கள் கற்றுக்கொள்கின்றன என்று. நல்லம்மா சோற்றில் கையை வைத்துக்கொண்டே சொன்னாள், "எவளாச்சும் அந்த மாடி ஏறியிருக்கான்னு தெரிஞ்சுதுன்னா, இனி அவகூட உக்காந்து நான் சோறு திங்க மாட்டேன். மூடி அவகிட்ட வெறும் மூடியாத்தான் வரும்." எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பெரிய டப்பா மூடியை ஒருத்தி ஆரம்பித்து வைப்பாள், அவள் கொண்டுவந்த கறியில் ஒரு கரண்டி அதில் விழும், அடுத்தவள் தன்னுடையதை வைப்பாள், மூடி சுற்றி வருகையில் முப்பது வீட்டுச் சமையல் அதில் இருக்கும், பிறகு எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வோம். பத்தொன்பது வருஷமாக நான் மதியம் தனியாகச் சாப்பிட்டதில்லை. என் வீட்டுக்காரர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்கு வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை, மூடியைத்தான் நீட்டினார்கள். நல்லம்மா அப்படிச் சொன்னதும் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நான் மாடி ஏறினவள். ஆர்டர் படுத்துப்போய் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆனபோது ஏறினேன், நாலு மாதம், வேலையில்லாத நாட்களில் மதியம் இரண்டிலிருந்து ஆறுவரை. இங்கே எல்லாரிடமும், எனக்கு இடுப்பு வலி, ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்து வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்றேன். அந்த வீட்டில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கூடை வெள்ளை டவல். நெற்றியில் பட்டையைக் கட்டி அதில் தீப்பெட்டி அளவு கேமரா. கை இரண்டும் கேமராவுக்குத் தெரிய வேண்டும், ஒரு நிமிஷத்துக்குள் மடிக்க வேண்டும், தப்பினால் மறுபடி. எதற்கு என்று கேட்டேன். "கம்ப்யூட்டருக்குக் கத்துக் குடுக்கறதுக்குங்க" என்றார்கள். கம்ப்யூட்டர் எங்கே துணி மடிக்கப் போகிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இல்லை, சத்தியமாக இல்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் நான், பால்காரன் சிரித்தால் தண்ணீர் அளவைப் பார்ப்பேன், இதை மட்டும் சந்தேகப்படாமல் விட்டேனா? முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அங்கே இருந்த பெண் என் வீடியோவைப் பார்த்துவிட்டு, "உங்க கை ரொம்ப அழகா ஓடுதுங்க்கா" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் என் கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. லோகநாதன் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்வான், கறையைப் பற்றிச் சொல்வான். அழகு என்று சொன்னதற்காகப் போனேன், வேறு காரணம் சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து விளக்கடியில் இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், வெட்கம்தான்.

கைதான் இப்போது காட்டிக் கொடுக்கப் போகிறது. எனக்கு ஒரு தட்டுகிற பழக்கம் உண்டு. டவலை மடித்து முடித்ததும் புறங்கையால் அதன்மேல் இரண்டு தட்டு, மெல்ல, காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "தெய்வானை டவலுக்குக் காச்சல் பாத்தாச்சு, இனிக் கப்பல் ஏத்தலாம்" என்று நல்லம்மா கிண்டல் செய்யாத நாளில்லை. என் மகன் கதிரவன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் ஏறினால் இழுப்பு வந்துவிடும். ஒருதடவை குளித்தலை பஸ்ஸில், நல்ல வெயிலில், என் மடியில் கண் செருகிக் கிடந்தான், பஸ் லெவல் கிராசிங்கில் நின்றுவிட்டது, கூட்ஸ் வண்டி முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, நான் புறங்கையை அவன் கழுத்தில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன், வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை எனக்கு. அவன் பிழைத்து வளர்ந்து ஓசூரில் வேலைக்கும் போய்விட்டான். கை மட்டும் நிறுத்தவில்லை. மாடி வீட்டுப் பெண்ணும் சொன்னாள், "அந்தத் தட்டல் மட்டும் வேண்டாங்க்கா, தேவையில்லாத அசைவு." நிறுத்திப் பார்த்தேன், தட்டாமல் டவலைக் கீழே வைத்தால் எதையோ மறந்துவிட்டு வீட்டைப் பூட்டின மாதிரி இருந்தது. மறுபடி தட்டினேன். "பரவால்லீங்க, தட்டினதையெல்லாம் அழிச்சுர்றோம்" என்றாள். அழித்தார்களா? அழித்தோம் என்று சொல்கிறவர்கள் எப்போது அழித்திருக்கிறார்கள்? ஆயிரம் டவலில் ஒன்றை விட்டிருந்தால் போதும். அது மடித்து முடித்துப் புறங்கையைத் திருப்பி இரண்டு தட்டுத் தட்டும், முப்பது தலையும் என் பக்கம் திரும்பும், மூடி என்னிடம் வெறும் மூடியாக வரும்.

சிந்தாமணியிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். என்னைவிட ஆறு வயது சின்னவள், அக்கா அக்கா என்று என் மேசைக்கு எதிர் மேசையில் பதினொரு வருஷம். அவள் மடிக்கிறதே வேடிக்கையாக இருக்கும், டவலின் மேல்மடிப்பைத் தாடையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழ் நுனிகளைத் தேடுவாள். மஞ்சள் பூசிக் குளிக்கிற முகம், வெள்ளை டவலில் மஞ்சள் கறை, ஒருதடவை டவல் வாங்குகிற பையர் ஒரு பெட்டியையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து செக்‌ஷனில் யாரும் மஞ்சள் பூசக் கூடாது என்று ஆனது, "உன்னாலதாண்டி என்ற மூஞ்சி கருத்துப்போச்சு" என்று நல்லம்மா இன்னமும் அவளை விடுவதில்லை. சிந்தாமணி மஞ்சளை விட்டாள், தாடையை விடவில்லை. அவளும் அந்த நாலு மாதம் ஓட்டமாகத்தான் இருந்தாள், மகளுக்குப் பிரசவம், வேலையில்லாத நாட்களில் காலையில் வேலாயுதம்பாளையம் போய்ப் பத்தியச் சாப்பாடு பார்த்துவிட்டு மதியம்தான் திரும்புவாள். அந்த அலைச்சலிலும் என்னை விசாரிக்க மறக்க மாட்டாள். "இடுப்பு எப்படியிருக்குதுங்க்கா? கரண்ட் வெச்சாக் கேக்குதா?" என்பாள். ஒருநாள் வெந்நீர்ப் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். என் இடுப்பில் அதை வைத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நல்ல இடுப்பில் சூடு பட்டு நான் படுத்திருந்தேன். அவளிடமா பொய் சொல்கிறாய் என்று என்னை நானே கேட்டேன், கேட்டுவிட்டு இடது பக்கம் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது என்றேன்.

இப்போது பூஜை. சின்னவர் செருப்பைக் கழற்றிவிட்டார். மெஷினுக்குப் பொட்டு வைக்கப் போனார், கண்ணாடிப் பெண் ஓடிவந்து, "மூஞ்சியில வேண்டாங்க சார், கேமரா மறைஞ்சுரும்" என்றாள். நெஞ்சில் வைத்தார். மாலை போட்டார்கள். கற்பூரம் காட்டினார்கள், நல்லம்மாவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நான் பார்த்தேன், இவ்வளவு பேசுகிறவள் கற்பூரத்தைக் கண்டால் அடங்கிவிடுகிறாள். சந்தனக் கிண்ணம் சுற்றி வந்தது, ஆளாளுக்குக் கழுத்தில் தடவிக்கொண்டோம், மஞ்சளுக்குத்தான் தடை, சந்தனத்துக்கு இன்றைக்கு மட்டும் விலக்கு. லோகநாதன் ஓடிப்போய் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து மெஷினின் கால்களுக்கு முன்னால் வைத்தான், புது லாரிக்கு வைக்கிற மாதிரி, நசுக்கிக்கொண்டு நடந்து வர வேண்டும், அப்போதுதான் திருஷ்டி கழியும். பெண் பலகையைத் தடவினாள். மெஷின் காலைத் தூக்கியது. பழத்துக்கு மேலே நிறுத்தியது. ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு பழத்துக்கு அந்தப் பக்கம் காலை வைத்து, அடுத்த காலையும் அப்படியே வைத்துத் தாண்டி வந்துவிட்டது. கொல்லென்று சிரிப்பு. சின்னவர் முகம் சிறுத்துவிட்டது. "தடங்கல் இருந்தா மிதிக்காதுங்க சார், அப்படித்தான் பண்ணியிருக்கோம்" என்றாள் பெண். மறுபடி வைத்தார்கள், மறுபடி தாண்டியது. கடைசியில் லோகநாதனே தன் காலால் நசுக்கிவிட்டுக் காலைத் துடைத்துக்கொண்டான். "அவனுக்குத்தான் திருஷ்டி கழிஞ்சுது" என்றாள் வசந்தி மேசைமேலிருந்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நொடி நின்றதே, அந்த நொடியில் அது யோசித்தது. அந்தத் தயக்கம் மனுஷத் தயக்கம். உள்ளே ஆள் இருக்கிறது. நல்லம்மா சொன்னதுபோல் இல்லை. வேறு மாதிரி இருக்கிறது. உள்ளே நான் இருக்கிறேன்.

அந்தப் பட்டை ஞாபகம் வருகிறது. மதியம் நான் போகும்போது பட்டை ஈரமாக இருக்கும், காலையில் யாரோ கட்டியிருந்த வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு. முதல் நாள் அருவருப்பாகத்தான் இருந்தது. எவளோ ஒருத்தியின் தலை வாசனையை என் நெற்றியில் கட்டிக்கொள்வதா? கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் கட்டுவேன், போகாது. வெட்டிவேர் வாசம். கரூரில் பாதிப் பேர் வெட்டிவேர் போட்டுத்தான் எண்ணெய் காய்ச்சுகிறார்கள், அதில் என்ன. பட்டை இறுக்கி எனக்குத் தலைவலி வரும், கிளம்பும் முன்பே நெற்றியில் என் வழக்கமான தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் போவேன், காலையில் வருகிறவள் அதற்கு என்னைத் திட்டியிருப்பாள். இருக்கட்டும். பழகிவிட்டது. இரண்டாவது மாதத்தில் அந்த வாசம் இல்லாவிட்டால் கை ஓடாது என்கிற மாதிரிகூட இருந்தது. அவள் யார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் அவளும் என்னைப் பற்றிக் கேட்பாள்.

மெஷின் மேசைக்கு வந்துவிட்டது. கூடையில் வெள்ளை டவல். இனிமேல் கையைப் பார்க்காமல் முடியாது. கறுப்பு ரப்பர் விரல்கள். டவலைத் தூக்கியது, நுனியைத் தேடியது, தடவித் தடவி, பொறுமையாக. ஒரு நுனி கிடைத்தது. இன்னொன்று. ஒரு உதறு. அந்த உதறலில் ஒரு ஓசை வந்தது, நாங்கள் உதறுகிற அதே ஓசை, முப்பது பேரும் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. என் சேலை முந்தானைக்குள் இரண்டு கையையும் ஒளித்துக்கொண்டேன், அது என்னவோ என் கையைப் பார்த்துத்தான் செய்கிறது என்பதுபோல. நீளவாக்கில் ஒரு மடிப்பு. இனி நாலாக மடிக்கும், கீழே வைக்கும், புறங்கையைத் திருப்பும். கடவுளே, திருப்பாமல் இருக்க வேண்டும். அழித்துவிட்டோம் என்றாளே, நல்ல பெண்தான் அவள், பொய் சொல்கிற முகமில்லை. அப்போது மெஷின் தலையைக் குனிந்தது. எதற்குக் குனிகிறது? கறுப்புக் கண்ணாடி முகம் மெல்ல இறங்கி, தாடை இருக்க வேண்டிய அந்த விளிம்பு டவலின் மேல்மடிப்பை நெஞ்சோடு அழுத்தியது, அழுத்திப் பிடித்துக்கொண்டே கைகள் கீழே இறங்கிக் கீழ் நுனிகளைத் தேடின. கிடைத்ததும் தலை நிமிர்ந்தது. மாலைப் பூ ஒன்று டவலில் விழுந்தது. டவலை மேசையில் வைத்தது. நான் காத்திருந்தேன். புறங்கை திரும்பவில்லை. அடுத்த டவலுக்குக் கை போய்விட்டது. மறுபடி தலை குனிந்தது.

"அட, தாடையில புடிக்குதுங்க!" என்று லோகநாதன் கைதட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிப் பெண்ணும் சிரித்துக்கொண்டே, "அது அதுவாக் கத்துக்கிச்சுங்க. தேவையேயில்லை. எவ்வளவோ எடுத்துப் பாத்துட்டோம், போக மாட்டேங்குது" என்றாள். நல்லம்மா சிரிக்கவில்லை. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், என் தட்டு இல்லை, நான் அதில் இல்லை, தப்பித்தேன். அதன் பின்னாலேயே ஒரு வருத்தம் வந்தது, வெட்கங்கெட்ட வருத்தம், நாலு மாதம் மடித்தேனே, அழகாக ஓடுகிறது என்றார்களே, என் கை ஒன்றுக்குமே ஆகவில்லையா? அதற்கும் பிறகுதான் இடது பக்கம் திரும்பினேன். சிந்தாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிவேர் வாசம் வந்தது. தலையைக் குனிந்தால் நெற்றிக் கேமராவும் குனியும், கேமரா குனிந்ததைப் பார்த்து மெஷினும் குனியும். வேலாயுதம்பாளையத்தில் காலையில் பத்தியச் சாப்பாடு. மதியம் ஈரமாக இருக்கும் பட்டை. பால்காரனைச் சந்தேகப்பட்டேன், லோகநாதனைச் சந்தேகப்பட்டேன், சோம்பல் முறித்த தகர நாயைச் சந்தேகப்பட்டேன், இவளை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. நாலு மாதம் அவள் வியர்வையை என் நெற்றியில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"இது சிந்தாமணி மடிப்பு" என்றாள் நல்லம்மா. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சின்னவருக்கு ஒன்றும் புரியவில்லை, உற்சாகமாக, "வேகமா மடிக்கறவங்க யாராச்சும் ஒருத்தர் வாங்க, பக்கத்துல நின்னு மடிங்க, எது வேகம்னு பார்ப்போம்" என்றார். "சிந்தாமணிய அனுப்புங்க சார். வாத்தியாரும் பிள்ளையும் சேர்ந்து மடிக்கட்டும்" என்றாள் நல்லம்மா. யாரும் சிரிக்கவில்லை. சிந்தாமணியின் விரல்கள் என் முந்தானையின் ஓரத்தைப் பிடித்திருந்தன, எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. நான் பேசாமல் இருக்கலாம். எனக்கு என்ன? என் தட்டு அதில் இல்லை, மூடி எனக்கு நிறைந்தே வரும், இன்று மதியம் அவளுக்குத்தான் வெறும் மூடி. பொய் சொன்னாளே என்னிடம், அக்கா அக்கா என்று. நானும் சொன்னேன். வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைத்தாளே. அவள் போவாள், அவள் தாடை அவளை மீறிக் குனியும், முப்பது பேர் பார்ப்பார்கள், மெஷினும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் தலை குனிவார்கள். அதை என்னால் பார்க்க முடியாது. "நான் வர்றனுங்க சார்" என்றது என் குரல். கால் போய்விட்டது, மனசு பின்னால்தான் வந்தது.

மேசைமுன் போய் நின்றேன். பக்கத்தில் அது நிற்கிறது, மூச்சு இல்லை, லேசான மோட்டார் சூடு மட்டும் என் முழங்கையில் பட்டது. டவலை எடுத்தேன், உதறினேன், நீளமாக மடித்தேன், பிறகு பத்தொன்பது வருஷத்தில் ஒருதடவையும் செய்யாததைச் செய்தேன், மேல்மடிப்பைத் தாடையால் அழுத்தி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குனிந்து கீழ் நுனிகளைத் தேடினேன். கேவலமாக இருந்தது, ஒரு நுனி நழுவியது, கழுத்து வலித்தது, இவள் எப்படித்தான் பதினொரு வருஷம் இதைச் செய்தாளோ. மெஷின் மூன்றாவதை முடித்துவிட்டது. நான் ஒன்றைத்தான் முடித்துக் கீழே வைத்தேன். டவலில் பெரிதாக ஒரு சந்தனக் கறை. "தாடையில எல்லாருந்தான் புடிப்போம் சார். சிந்தாமணி மட்டுமா? நானும் அப்படித்தான்" என்றேன். லோகநாதன் டவலைத் தூக்கிப் பார்த்து, "சந்தனக் கறை, ரிஜெக்ட்" என்றான். நல்லம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ எப்படி தாடையில புடிச்ச? நீ காச்சல் பாக்கறவளாச்சே" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், என் புறங்கை மேசைமேல் இருந்தது, டவல் வைத்த இடத்தில், இரண்டு தட்டுத் தட்டி முடித்திருந்தது. இதோ முடிந்தது என்று நினைத்தேன். "ரெண்டும் பண்ணுவா, என்ன இப்போ? நானுந்தான் தாடையில புடிக்கறேன்" என்று மேசைமேலிருந்து வசந்தி சொன்னாள். "நானும் புடிப்பனுங்க" என்று பின்வரிசையில் ஒருத்தி. இன்னொருத்தி. எனக்கு உடனே, இவளும் மாடி ஏறினவளோ, அவளும் ஏறினவளோ என்று ஓடியது, புத்தியை என்ன செய்வது. நல்லம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எத்தனை பேரைத் தள்ளி வைப்பது என்று யோசித்திருப்பாள். சேலையை உதறிச் செருகிக்கொண்டு அவள் மேசைக்குப் போய்விட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. மெஷினை நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தது, குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து. எதிர்ச் சுவரோரம் வட்டமாக உட்கார்ந்தோம். பெரிய மூடி நல்லம்மாவிடம் இருந்தது, அவள் அதைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு பீர்க்கங்காய்க் கூட்டில் ஒரு கரண்டி எடுத்து அதில் போட்டு, யாரையும் பார்க்காமல் அடுத்தவளிடம் தள்ளினாள். மூடி சுற்றி, நிறைந்து, சிந்தாமணியிடம் வந்தது. அவள் பங்கு பிரிக்கத் தொடங்கினாள், என் டப்பாவுக்குத்தான் முதலில், எப்போதும் போல. பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காத குரலில், குனிந்த தலை நிமிராமல், "அந்தப் பட்டையில தினமும் உங்க தைல வாசந்தானுங்க்கா அடிக்கும். முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு" என்றாள். முதல் வாரமே தெரிந்து, வெந்நீர்ப் பையோடு வந்து, அரைமணி நேரம் என் இடுப்பில் ஒத்தடம் வைத்தாளா? நான் சோற்றைப் பிசைந்தேன். கூட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"நாலு மாசம் கரண்ட் வெச்சீங்களே, இடுப்பு இப்பத் தேவலையாக்கா?"